டாக்டர் சொன்ன கொப்பு

அந்த நாட்களில் மதியச் சாப்பாடு முடிந்ததும் எனக்கு உலகம் லேசாக மிதக்கும். கணினித் திரையில் எழுத்துகள் நீந்தும். அலுவலகக் கண்ணாடிக்கு வெளியே பெங்களூர் மேகம் ஊர்வதைப் பார்த்தபடி கண் செருகிக் கிடப்பேன். சுகமான தூக்கம் என்றுதான் நினைத்தேன்.

சோதித்துப் பார்த்த டாக்டர், சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றார். துடைப்பக்குச்சி மாதிரி இருக்கும் எனக்கா? கோபம்தான் வந்தது. கன்னடக்காரர், பொறுமைசாலி. நாள் முழுக்க உட்கார்ந்துகொண்டு வெண்ணெய் தோசையும் போண்டாவும் தின்றால், எரியாத கொழுப்பு தசைக்குள்ளேயே தங்கிவிடுமாம். வெளியே தெரியாதாம். அப்புறம் இன்சுலின் எவ்வளவு கெஞ்சினாலும் அந்தத் தசை சர்க்கரையைச் சரியாக வாங்காது, அது ரத்தத்திலேயே சுற்றும். நடந்தால் தசை அந்தக் கொழுப்பை எடுத்து எரிக்கும் என்றார்.

எனக்குப் பயம் கண்ணை நினைத்துத்தான். அம்மாவின் பார்வையைச் சர்க்கரை கொண்டுபோய் நான்கு வருடமாகிறது. அன்றிலிருந்து அவள் அல்சூர் வீட்டுப் படியைத் தாண்டியதில்லை.

"சதையில கொப்பு இருக்குன்னு டாக்டர் சொல்றாரும்மா" என்றேன். கொப்பு என்றால் கன்னடத்தில் கொழுப்பு. தமிழில் போலவே திமிருக்கும் அதே சொல்தான்.

அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவனுக்குத்தான்டி கொப்பு! வாயே தொறக்காத பொண்ணப் பாத்து இப்பிடியா சொல்லுவான்? கூட்டிட்டுப் போ, நான் கேக்குறேன்." செருப்பைத் தேடிக் காலால் துழாவினாள்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப சுகரா?" என்றாள். பிறகு மெதுவாக, "உனக்கும் கண்ணு போயிடுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நடந்தா சரியாயிடுமாம்மா" என்றேன்.

மறுநாள் விடிகாலையில் நான் ஷூ மாட்டும்போது புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வரேன். தனியா விட்டா போண்டாக் கடையில ஒக்காந்துடுவ."

என் முழங்கையைப் பிடித்தபடி தெருவில் இறங்கினாள். ஒவ்வொரு ஆட்டோ ஹாரனுக்கும் அவள் விரல்கள் இறுகின. ஏரிக்கரையில் ஈரக்காற்று முகத்தில் பட்டதும் நின்றாள்.

"தண்ணி தெரியுதா?"

"ஒரே பனிம்மா. அந்தாண்ட கரையே தெரியல, எல்லாம் வெள்ளையா இருக்கு. அழகா இருக்கு."

அம்மா என் கையை இன்னும் இறுக்கினாள்.

"எனக்கும் மொதல்ல இப்பிடித்தான் வெள்ளையா ஆச்சு. வேகமா நட."