ஹீதர் குட்டியின் ரத்தம்

கில்டேரில் டெக்லனின் பண்ணையில் குதிரைக்குட்டிகளுக்குத் தனிப்பெயர் கிடையாது. தாயின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு, தலையில் மாட்டும் தோல்வாரான தலைவாரில் தொங்கும், அவ்வளவுதான். ஹீதர் என்ற தாய்க்குதிரை பிரசவத்திலேயே செத்துப்போக, அதன் குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் பண்ணையாள் நோரீன்.

இலையுதிர் காலத்தில் அந்தக் குட்டி மெலிந்தது. கழிச்சல் நிற்கவில்லை. தாடைக்கடியில் மெத்தென்று ஒரு வீக்கம்.

"வயித்துப்பூச்சியா இருக்கும். நீ பெத்த பிள்ளைக்குக்கூட இப்படிப் பதறியிருக்க மாட்ட" என்றார் டெக்லன்.

"பெத்ததுங்க வாயைத் திறந்து சொல்லும். இது சொல்லுமா? குடல் கெட்டா ரத்தத்துல புரதம் குறைஞ்சிடுமாம். டாக்டரை வரச்சொல்லுங்க."

டாக்டர் வரும் நாளில், தொலைவில் மேயோவில் நோரீனின் சித்தப்பாவுக்கு அடக்கம். போகாமலிருக்க முடியாது. கிளம்பும்போது பார்த்தாள்: தலைவார் வீக்கத்தில் அழுந்திக் கிடந்தது. மனசு கேட்கவில்லை. பக்கத்துக் கொட்டடியில் இருந்த ஜூனிப்பர் குட்டியின் பெரிய வாரைக் கழற்றி இதற்குப் போட்டாள். இதன் வாரை அதற்கு மாட்டினாள். இரண்டும் ஒரே பழுப்பு நிறம்.

மறுநாள் அவள் திரும்பியதும் டெக்லன் சிரித்தபடி வந்தார். "ரத்தம் சுத்தம். புரதம் சரியா இருக்கு. குட்டி பார்க்கவும் நல்லாத்தான் இருக்குன்னு டாக்டரம்மா சொல்லிட்டுப் போனாங்க."

நோரீன் சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள். பூச்சி மருந்தையே கொடுத்துவந்தாள். தலைவார்களின் நினைப்பே அவளுக்கு வரவில்லை.

அடுத்த வாரம் குட்டி படுத்துவிட்டது. வயிற்றடியிலும் நீர் கோத்திருந்தது. டாக்டர் கீவா ஓடிவந்து குனிந்தவள், அப்படியே நிமிர்ந்தாள்.

"நான் ரத்தம் எடுத்தது இந்தக் குட்டிக்கு இல்லையே."

டெக்லன் சீறினார். "தகட்டைப் பார்த்து நான்தானே பிடிச்சுக் கொடுத்தேன்? உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

நோரீன் குறுக்கே வந்தாள். "அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. வாரை மாத்தி மாட்டினது நான். தாடை வலிக்குமேன்னு…"

கீவா புதிதாக ரத்தம் எடுத்து வண்டியிலேயே சோதித்தாள். புரதம் அடிமட்டத்தில் இருந்தது. வீங்கிய குடல் வழியாக எல்லாம் ஒழுகிப் போயிருந்தது. மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டு, புரதத்தை ஈடுகட்டும் ரத்தநீர்ப் பையை உயர்த்திப் பிடித்தாள்.

"டாக்டரம்மா, போன வாரமே இதோட ரத்தத்தைப் பார்த்திருந்தா?"

கீவா பையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, நோரீன்."

நோரீன் மடியில் ஏந்திக்கொண்டாள். பை பாதி வடிந்தபோது குட்டியின் வயிறு ஏறி இறங்குவது நின்றது. கீவா குழாயை மூடினாள். நோரீன் அதன் தலையைக் கீழே வைக்கவில்லை.