ஐந்தாவது ஃபவுல்

சுனாமிக்கு அடுத்த வருடம், உப்பளத்தை ஒட்டிய பள்ளி மைதானத்தில் பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டி. நானும், ஆரோவில்லில் தச்சு வேலை பார்த்துவந்த ஒருவரும் நடுவர்கள். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. ஒருவர் தீர்ப்பில் மற்றவருக்குச் சந்தேகம் வந்தால், விசிலைக் கைக்குள் மூடி நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்பார். தீர்ப்புச் சொன்னவர்தான் போய்க் கேட்க வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் ஒருவரை ஒருவர் மறுக்கக் கூடாது என்று நான் போட்ட விதி அது.

அன்று ஆடியவர்களில் மீனவக் குப்பத்துப் பெண் ஒருத்தி. அவள் வீட்டை அலை கொண்டுபோயிருந்தது. விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால் படிக்கட்டும், இல்லையென்றால் இறால் கம்பெனி வேலைதான் என்று அவள் அம்மா முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். விடுதிக்கு ஆள் எடுப்பவர் இடைவேளைக்குப் பிறகுதான் வந்து உட்கார்ந்தார்.

முதல் பாதியில் கூட்டாளி நெஞ்சில் கை வைத்துக் காட்ட, நான் போய்க் கேட்டு ஒரு தீர்ப்பை மாற்றியிருந்தேன். "ஏம்பா, உங்க ரெண்டு பேர்ல யாருப்பா ரெஃப்ரி?" என்று ஒருவன் கத்த, மைதானமே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில், பந்தோடு ஓடிவந்த எதிரணிப் பெண் குப்பத்துப் பெண்ணின் முன்னால் விழுந்தாள். மேற்கே உப்புக் குவியல்களில் பட்ட வெயிலில் என் கண் கூசியது. இடித்ததை நான் பார்க்கவில்லை, விழுந்ததைத்தான் பார்த்தேன். விசில் அடித்தேன். அவளுக்கு அது ஐந்தாவது ஃபவுல். வெளியே போக வேண்டும்.

திரும்பினால், கூட்டாளியின் மூடிய கை நெஞ்சில் இருந்தது. மறுபடியும் போய்க் கேட்டு மானத்தைக் கெடுத்துக்கொள்வதா என்று பந்தை எடுத்து எதிரணியிடம் கொடுத்துவிட்டேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். ஆள் எடுக்க வந்தவர் வேறு இரண்டு பெண்களின் பெயரை எழுதிக்கொண்டு போனார்.

ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போது கூட்டாளியிடம் கேட்டேன். "ஏம்பா, அது ஃபவுல்தானே?"

"இல்லீங்க சார். அந்தப் பொண்ணு கால் தடுக்கி தானா விழுந்துச்சு. குப்பத்துப் பொண்ணு தொடவே இல்ல."

"அப்போ வந்து சொல்லியிருக்கலாமே?"

விதியைப் போட்டவனே இப்படிக் கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை.

"நீங்க பந்தக் குடுக்குற வரைக்கும் கைய எடுக்காமதான் நின்னேன் சார். நீங்களும் பாத்தீங்க."

வெளியே அவள் அம்மா நின்றிருந்தார். "கம்பெனில கேட்டு வச்சிருக்கேன் சார். போய்ட்டு வர்றோங்க," என்று என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.