ஞானபாக்கியம் போட்ட சட்டம்

ஞானபாக்கியம் ஆலங்குளத்துக்காரி. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷமாக நர்ஸ். கடைசி ஆறு வருஷமாக அங்கிருக்கும் நர்ஸ்களுக்கெல்லாம் தலைமை. கீழே நின்று பேசினால் மூன்றாவது மாடியில் கேட்கும் குரல். 'அதட்டிப் பேசுகிறார்' என்று மூன்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்ததால், நிர்வாகம் அவளைக் குற்றாலத்துக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. ரிசார்ட் ஒன்றில் இரண்டு நாள். பொறுப்பில் இருப்பவர்கள் மற்றவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லித்தரும் வகுப்பு.

அவள் போனதே கோபத்தோடுதான். முந்தின வாரம் பெரிய டாக்டர் செல்லப்பா, பெண்கள் வார்டில் இருந்த நர்ஸ் ரூபிக்கு போனில் இன்சுலின் அளவு சொன்னார். அவர் சொன்னது பிஃப்டீன். ரூபிக்குக் கேட்டது பிஃப்டி. "எவ்வளவு சார்?" என்று மறுபடி கேட்டதற்கு, "காதுல என்ன பஞ்சா?" என்று போனை வைத்துவிட்டார். ரூபி ஊசியோடு கட்டிலை நெருங்கும்போது, அந்தப் பக்கம் வந்த ஞானபாக்கியம் ஊசியில் இருந்த அளவைப் பார்த்துத் தடுத்தாள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ரூபிக்கு மட்டும் மெமோ வந்தது.

வகுப்பெடுத்த நிர்மலாதேவி சென்னையிலிருந்து வந்தவர். நல்ல மனுஷிதான். இரண்டாம் நாள் மத்தியானம், சொந்த ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றையே நடித்துக் காட்டச் சொன்னார். அவளோடு வகுப்புக்கு வந்திருந்த ஆஸ்பத்திரி மேனேஜர் நெல்லையப்பன் பையிலிருந்து ரூபியின் மெமோவை எடுத்தார். சர்டிபிகேட் கொடுக்க வந்திருந்த செல்லப்பா முன்வரிசையில் இருந்தார்.

"சிஸ்டர், நான்தான் ரூபி. இதை மனசு நோகாம எங்கிட்ட குடுங்க பாப்போம்."

"குடுக்க மாட்டேன்."

"சும்மா நடிப்புதான, சிஸ்டர்."

"நடிப்புக்குன்னாலும் குடுக்க மாட்டேன்." நிர்மலாதேவி பக்கம் திரும்பினாள். "மேடம், நாம சொன்னது எதிராளிக்குச் சரியா போய்ச் சேந்துச்சான்னு பாக்கணும்னு காலைல நீங்கதான சொன்னிய?"

"ஆமா."

"அப்பம் சார் ரூபியா நடிக்க வேண்டாம். போனை வச்ச டாக்டரா நடிக்கட்டும். நான் ரூபி."

நெல்லையப்பன் முன்வரிசையைப் பார்த்தார். செல்லப்பா எழுந்துவிட்டார். "என்ன சிஸ்டர் இதெல்லாம்?"

ஞானபாக்கியம் செல்லப்பா பக்கம் திரும்பினாள். குரல் வாசல்வரை கேட்டது. டீ கொண்டுவந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"திங்கக்கிழமையில இருந்து, போன்ல மருந்து அளவு சொன்னா என் பிள்ளைக எழுதி, திரும்பப் படிச்சுக் காட்டும். ஒண்ணு, அஞ்சுன்னு தனித்தனியா. நீங்க ஆமான்னு சொல்லணும். சொல்லாம வச்சிட்டியன்னா, டூட்டி டாக்டர் வந்து பாத்து எழுதின பெறவுதான் மருந்து போகும்."

"யாரைக் கேட்டு முடிவு பண்ணுனீங்க?"

"யாரையும் கேக்கல சார். சொல்லுதேன்."

"வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும். அதான் சொல்லுதேன்."

அவளுக்கு சர்டிபிகேட் கிடைக்கவில்லை. சனிக்கிழமையே ஒவ்வொரு வார்டு போனுக்கு மேலும் அந்தச் சட்டத்தைத் தன் கையால் எழுதி ஒட்டினாள். திங்கள் காலை செல்லப்பா கூப்பிட்டார். ரூபி படித்துக் காட்ட ஆரம்பித்ததுமே வைத்துவிட்டார். ரூபி பயந்துபோய் ஞானபாக்கியத்தைப் பார்த்தாள்.

"என்னட்டி பாக்க? டூட்டி டாக்டரைக் கூப்பிடு."

அந்த வாரம் மூன்று தடவை இப்படி நடந்தது. வெள்ளிக்கிழமை ரூபி, "நாலு, பூஜ்யம். நாப்பது யூனிட், சரிதான சார்?" என்று கேட்டபோது அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "இரும்மா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். ஒண்ணு, நாலு," என்றார் செல்லப்பா. ரூபி அதையும் படித்துக் காட்டினாள். "ஆமா," என்றார். அதற்குப் பிறகு அவர் பாதியில் போனை வைத்ததில்லை. இதைப் பற்றி ஞானபாக்கியத்திடம் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

ரூபியின் மெமோவை நிர்வாகம் திரும்ப வாங்கவில்லை. மேலதிகாரியை மதிக்கவில்லை என்று ஞானபாக்கியத்துக்கும் ஒன்று வந்தது. மூன்று நாளில் பதில் கேட்டிருந்தார்கள். நெல்லையப்பன் மேஜையிலிருந்தே பேனாவை வாங்கி, நின்றவாக்கில் எழுதிக் கொடுத்தாள்: 'நடந்தது உண்மை. மாற்றிக்கொள்வதாக இல்லை.'