போட்டோவில் இல்லாத தையல்காரி

அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியின் தையல் அறையில், யாருக்கு இடுப்பு எத்தனை அங்குலம் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். தன் இடுப்பை மட்டும் அவள் அளந்ததே இல்லை. அளப்பானேன்? அதற்குத்தான் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்களே! கல்யாணமாகி வந்த வாரமே நாத்தனார் அவளுக்கு வைத்த பெயர் 'பூசணி'. கணவர் உத்தமர், தங்கையைக் கண்டிக்கவும் இல்லை, மனைவியைத் தேற்றவும் இல்லை, சிரித்தார். அன்றிலிருந்து வீட்டில் போட்டோ என்றால் போனைக் கையில் எடுப்பவள் அவள்தான். மகளுக்குப் பத்து வயதாகிவிட்டது. தாயும் மகளுமாக ஒரு படம் கிடையாது.

ஆஸ்பத்திரியிலோ உலகத்து உடம்பெல்லாம் அவள் மேசைக்கு வரும். வெள்ளைக்காரத் தலைமை நர்ஸ், கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி இருப்பாள். "இந்தத் தொப்பை தெரியாம தைச்சுக் குடும்மா" என்று கெஞ்சுவாள். தையல்காரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடுவாள். தொப்பை அகப்படாது. ஆனாலும் இல்லாத தொப்பைக்கு இரண்டு மடிப்பு வைத்துத் தைத்துக் கொடுப்பாள்.

அந்தப் பழக்கத்தில்தான் வந்தது வினை. சமையலறைக்குப் புதிதாக வந்த கறுப்பினப் பெண் இவளைப்போல் ஒன்றரை மடங்கு. ஐயோ பாவம், யார் என்ன சொல்கிறார்களோ என்று மனமிரங்கி, கேட்காமலே சீருடையைத் தொளதொளவென்று தைத்து வைத்தாள். சமையல்காரி போட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான், அறையே அதிர்ந்தது.

"என் இடுப்பு எங்கம்மா? அளவெடுக்கும்போது இருந்துச்சே!"

"மறைச்சா நல்லா இருக்கும்னு..."

"ஏன் மறைக்கணும்? அது யார் வீட்டுல திருடுச்சு? எங்கம்மா இந்தக் கோலத்துல பார்த்தா, மகளுக்கு என்ன நோயோன்னு ஒப்பாரி வெச்சிடுவாங்க. பிரிச்சுத் தை!" பிறகு இவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீயே நோஞ்சான் மாதிரி இருக்கே. ஒழுங்கா சாப்பிடறியா?"

நோஞ்சான்! பூசணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதே உடம்பு, ஒரு வீட்டில் மானக்கேடு, இன்னொரு வீட்டில் பஞ்சத்தில் அடிபட்டது. எந்த வீட்டுத் தராசு சரி என்று யாரைக் கேட்பது? தையலைப் பிரித்து முடிக்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பத்தோடு வந்தாள். சாப்பாடு முடிந்ததும் படம் எடுக்க எல்லோரும் வரிசையாக நின்றார்கள்.

"அண்ணி, நீங்களே எடுங்க. நீங்க நின்னா மத்தவங்க வாசல்லதான் நிக்கணும்" என்றாள் நாத்தனார். எல்லோரும் சிரித்தார்கள். உத்தமரும் சிரித்தார்.

அவள் பழக்கதோஷத்தில் போனை உயர்த்தினாள். திரையில் எல்லோரும் இருந்தார்கள், மகள் இல்லை. நாற்காலிக்குப் பின்னால் அவளுடைய ரிப்பன் மட்டும் தெரிந்தது.

"ஏண்டி அங்க உக்காந்திருக்கே?"

"நான் உன்னை உரிச்சு வெச்சிருக்கேனாம்மா, அத்தை சொன்னாங்க. நான் முன்னாடி வரல."

அவளுக்கு இத்தனை வருஷம் ஒளிந்து ஒளிந்து பிள்ளைக்கு இதைத்தானா கற்றுக்கொடுத்தோம் என்று அழுகை முட்டியது. அழவில்லை. போனை நாத்தனார் கையில் திணித்தாள். நாற்காலியைத் தூக்கி ஓரமாகப் போட்டாள். மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு நட்டநடுவில் வந்து நின்றாள். உத்தமர் தானாக நகர்ந்து இடம் விட்டார்.

நாத்தனார் போனை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். "எல்லாரும் படத்துக்குள்ள வரலையே, அண்ணி! நீங்க கொஞ்சம்..."

"நாங்க நகர மாட்டோம். நீ பின்னாடி போய் எடு. வேணும்னா வாசல் வரைக்கும் போ."