அம்மா வாங்கிய முழு மதிப்பெண்

எங்கள் அம்மாவுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது. எங்கள் தீவில், ஹேடோ குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது. பள்ளி விடுமுறை விட்டதும் அக்கம்பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு மெயின்லாந்துக்குக் கப்பலேறும். நாங்கள் மட்டும் துறைமுகத்தில் நின்று கையாட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்புவோம். நான் மூக்கைச் சிந்தினால், "மூணு நாளும் வாந்தி எடுத்தே செத்துருவேன், அப்புறம் உனக்கு யாரு சோறு போடுறது?" என்பாள் அம்மா. இதே அம்மா அக்கரைக்குப் போகும் பேம்பூ ஃபிளாட் ஃபெர்ரியில் ஏறினால் கம்பியைப் பிடித்து நின்றபடி கடலை கொறிப்பாள். ஏன் என்று கேட்கும் புத்தி எனக்கு அப்போது வரவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அம்மாவின் ஒரே தம்பி தேவகோட்டையிலிருந்து முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாலியின் மூன்றாவது முடிச்சை நாத்தனார்தான் போடவேண்டும். மாமாவுக்கு வேறு அக்கா தங்கை கிடையாது.

"நீ வராம நான் தாலி கட்டப்போறதில்லக்கா. கப்பல்தானே பிரச்சினை? அதுக்கு வைத்தியம் கொண்டாந்திருக்கேன்" என்றார்.

வைத்தியம் என்பது ஹிப்னாடிசம். மதுரையில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய், லேமினேட் செய்த சான்றிதழோடு வந்திருந்தார். எங்கள் ஊர் நெட்டை நம்பாமல் வீடியோக்களையும் போனில் இறக்கிக்கொண்டு வந்திருந்தார். வசியம் எல்லோருக்கும் பலிக்காதாம். யாருக்கு எவ்வளவு பலிக்கும் என்று முதலில் சோதிக்க வேண்டுமாம். கையில் கனமான வாளி, நாக்கில் எலுமிச்சை, முழங்கையில் கொசு, கோத்த விரல்கள் பிரியாமல் ஒட்டிக்கொள்வது என்று நான்கு பரீட்சை. பரீட்சை என்ற சொல்லைக் கேட்டதுமே நான் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்.

எலுமிச்சைக்கு எனக்கு எச்சில் ஊறியது. அதோடு சரி. "மாமா, மச்சர் எங்க? ஒண்ணும் கடிக்கலயே!" என்று கண்ணைத் திறந்து தேடினேன். கோத்த விரல்களும், பாழாய்ப்போனவை, தொட்டதும் பிரிந்துவிட்டன.

"கொசுன்னு சொல்லத் தெரியல, இதுக்கு எங்க வசியம் பலிக்கும்?" என்று மாமா நாலுக்கு ஒன்று போட்டார்.

அப்பா கண்ணை மூடிய நிமிஷமே குறட்டை விட்டார். "தூங்கினா மார்க் கிடையாது அத்தான்" என்று மாமா உலுக்கியும் பயனில்லை. சர்க்கரை வாங்க வந்த பக்கத்து வீட்டு பெங்காலி ஆன்ட்டிதான் ஆச்சரியம். தமிழில் ஓர் எழுத்து தெரியாது. மாமாவோ மேடைப் பேச்சாளர் போல, "உங்கள் வலது கை பாறையாகக் கனக்கிறது" என்கிறார். ஆன்ட்டியின் கை மெல்ல மெல்ல இறங்கியது! பூரித்துப்போன மாமா அதையே, கப்பலில் கற்ற ஹிந்தியில், "ஆப்கா ஹாத் பஹுத் பாரீ ஹை" என்றார். ஆன்ட்டி குபீரென்று சிரித்துவிட, கை பழைய இடத்துக்கே போய்விட்டது. புரிந்தால் பலிக்காது போலும் என்று எனக்கு ஒரே குழப்பம்.

அம்மா சமையலறையில் சூரை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "இங்க ஆயிரம் வேலை கெடக்கு, போங்கடா" என்று விரட்டினாள். மாமா விடவில்லை. கடைசியில் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, இதையும் பார்த்துவிடலாம் என்பது போல வந்து உட்கார்ந்தாள்.

எங்களுக்கு மூச்சே நின்றது. அவள் கை சரசரவென்று இறங்கியது. எலுமிச்சைக்கு முகம் கோணியது. கொசுவைப் பட்டென்று அடித்தாள். விரல்களைப் பிரிக்கச் சொன்னபோது வளையல்கள் குலுங்கினவே தவிர விரல் அசையவில்லை. நாலுக்கு நாலு! மாமா குதிக்காத குறை. எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது.

"இப்பக் கப்பல் ஏறுறோம். கடல் ஆடவே இல்ல. வயிறு எப்படிக்கா இருக்கு?"

"நல்லாருக்கு."

"பசிக்குதா?"

"இட்லி இருந்தா சாப்பிடலாம்."

அப்பாவே விழித்துக்கொண்டு சிரித்தார். மாமா பேச்சிலேயே அவளைச் சென்னையில் இறக்கி, பஸ் ஏற்றி, ஊருக்குக் கொண்டுபோனார். ஒரு வாந்தியும் இல்லை.

"இப்ப எங்கக்கா இருக்க?"

"நம்ம தெருவுல. மாவு மில்லு ஓடுது. கையில பிள்ளை அழுகுது."

எந்தப் பிள்ளை என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"வீட்டுக் கதவு திறந்திருக்கு. அப்பா ஊஞ்சல்ல உக்காந்திருக்கார். எந்திரிக்கல. உன்னப் பாத்துக் கண்ணக் காட்டுறார். நீ ஓடி வர்ற. என்னக் கூப்பிடத்தான் வர்றன்னு நெனச்சேன்." அம்மா இல்லாத பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "தாழ்ப்பாளப் போடுறடா தம்பி."

சொன்னதுதான் தாமதம், குமட்டிக்கொண்டு வாயைப் பொத்தினாள். தரையிலே உட்கார்ந்திருப்பவளுக்கு எப்படிக் குமட்டும்? நான் மாமாவைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணி வசியத்திலிருந்து எழுப்ப வேண்டியவர், எண்ண மறந்து உட்கார்ந்திருந்தார். மேடைக் குரல் எங்கோ போய்விட்டது.

"சின்னப் பயக்கா நான். அப்பா சொன்னாருன்னு..."

"தெரியும்டா" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

வசியத்தில் இருப்பவர்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வார்களா என்று நான் கேட்பதற்குள், "வா பாப்பா, கடைக்குப் போயிட்டு வரலாம்" என்று கொட்டும் மழையில் அப்பா என்னை இழுத்துக்கொண்டு போனார். கடையில் ஒன்றுமே வாங்கவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, முக்கியமான கட்டத்தில் கிளப்பிவிட்டாரே என்று. திரும்பி வந்தபோது அம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். மாமா பக்கத்தில் குந்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "அம்மாவ யாரு எண்ணி எழுப்புனது?" என்று இருவரையும் மாறி மாறிக் கேட்டேன். மாமா இன்னொரு வெங்காயத்தை எடுத்தார்.

கல்யாணத்துக்குக் கப்பலேறினோம். அம்மா மூன்று நாளும் ஓயாமல் வாந்தி எடுத்தாள். நாலுக்கு நாலு வாங்கியவளின் லட்சணம் இதுதானா என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன்.

தேவகோட்டை வீட்டு வாசலில் அம்மா நின்றுவிட்டாள். கனமான இரட்டைத் தேக்குக் கதவு. அதில் தாழ்ப்பாள் இல்லை. இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள் மட்டும் புதிதாகத் தெரிந்தன. பக்கத்தில் நின்ற மாமா எங்கோ பார்த்தார். அம்மா அந்த ஓட்டைகளை விரலால் தடவிவிட்டு உள்ளே போனாள். எனக்கோ பகீரென்றது. நகையும் பட்டுமாக நிறைந்து கிடக்கிற கல்யாண வீட்டில் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையென்றால் என்ன பொறுப்பு இது!

மதியம் எல்லோரும் கண்ணயர்ந்ததும், ஒரு நாற்காலியை இழுத்துவந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தேன். ஊஞ்சலில் இருந்த தாத்தா பார்த்துக்கொண்டே இருந்தார். வந்ததிலிருந்து அவர் அம்மாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. கம்பை ஊன்றி எழுந்துவந்து, நாற்காலியை நகர்த்தி, இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். இந்த வயதிலும் திருடனுக்குப் பயப்படாத மனிதர் என்று அவரைப் பார்த்து வியந்துகொண்டிருந்தேன்.