மேரியக்கா கேட்ட கார்டு

அடைக்கலமேரி எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையலர். நான் அங்கே அமைப்பாளர். அரிசிக்கும் முட்டைக்கும் பதில் சொல்ல வேண்டியவள். பாடம் நடத்தாவிட்டாலும் ஊர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடும். ஆவூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மேரியக்கா என்னைவிட மூத்தவர். வேலையில் கெட்டி, வாய் மட்டும் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அப்படிப்பட்டவர் ஒருநாள் அடுப்படியில் கரண்டியை வைத்துவிட்டு, "டீச்சர், கஞ்சா கார்டு எங்க குடுக்குறாங்க?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் வீட்டுக்காரர் பங்கிராஸ் பொக்லைன் ஓட்டியவர். சிறுநீரகத்தில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. திருச்சியில் பார்த்தார்கள், புதுக்கோட்டையில் பார்த்தார்கள். இனி வலிக்கு மட்டும்தான் வைத்தியம் என்று சொல்லிவிட்டார்கள். புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரி டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் பேசுகிறவர். "சாதா மாத்திரை இனிமே கேக்காது. மார்பின் மாத்திரை தர்றேன். அபின்ல இருந்து எடுக்குறதுதான், ஆனா அளவா சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாது" என்றார். அபின் என்ற சொல் விழுந்ததுதான் தாமதம், பங்கிராஸ் எழுந்து வெளியே போய்விட்டார். அப்போது அவரால் எழுந்து நடக்க முடிந்தது.

காரணம் ஊருக்கே தெரியும். இளவயதில் அவர் மொடாக்குடியர். நாளெல்லாம் வண்டியில் குலுங்கி வீட்டுக்கு வருகிற மனுசன், "ஒடம்பு வலிக்கு மருந்து" என்று சொல்லித்தான் பாட்டிலைத் திறப்பார். அந்த வீட்டிலிருந்து சாயங்காலம் கேட்ட சத்தங்களைப் பற்றி இப்போதும் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பிறகு ஒரு தவக்காலத்தில் ஆவூர்க் கோயிலில் மாதாவுக்கு முன்னால் முழங்கால் போட்டு, இனிப் போதை எதுவும் நாக்கில் படாது என்று சத்தியம் செய்தார். அதோடு சரி. இருமல் மருந்தில் சாராயம் கலந்திருக்கும் என்று யாரோ சொன்னதால் அதையும் விட்டார். கிறிஸ்துமஸ் கேக்கைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். நல்ல மனுசன்தான், ஆனால் நல்லதையும் இப்படிப் பிடிவாதமாகச் செய்தால் கூட இருப்பவர்கள் என்ன ஆவது?

வலி முற்றியபோது போர்வை பட்டாலே அலறினார். தலையணை ஓரத்தைக் கடித்துக் கடித்துப் பஞ்சு வெளியே வந்துவிட்டது. மேரியக்கா பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு ஓடுவார். தெருமுனையில் திரும்பும்போதே அலறல் கேட்கும். "ஆண்டவரே, இவரக் கூட்டிக்கங்கன்னு ஜெபம் பண்றேன் டீச்சர். பண்ணிட்டு, அதுக்கு வேற மன்னிப்புக் கேக்குறேன்" என்று பாத்திரம் விளக்கிக்கொண்டே சொன்னார். குழாயை மூடுங்கள், தண்ணீர் வீணாகிறது என்று சொன்னேன். என் புத்தி அவ்வளவுதான்.

அப்போதுதான் அமெரிக்காவிலிருந்து பங்கிராஸின் தம்பி லியோ வீடியோ காலில் வந்திருக்கிறான். அங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். அண்ணன் கதறுவதைப் பார்த்துவிட்டு அவனும் அழுதிருக்கிறான். "அண்ணே, இங்க எங்க ஸ்டேட்ல இதுக்குன்னு கார்டே இருக்கு. டாக்டர் எழுதிக் குடுப்பாரு, ஸ்டேட்ல பதியணும், கார்டு வரும். அதக் காட்டுனா கஞ்சாவ எண்ணெயாவே கடையில தருவாங்க. வலிக்குத்தான். ஒவ்வொரு ஸ்டேட்டுக்கு ஒவ்வொரு சட்டம்" என்று சொன்னான்.

பங்கிராஸ் அன்றைக்கு ஒரு வார்த்தை விட்டார். "டாக்டரு சீட்டு யாரு வேணா எழுதுவாங்க. கவர்மென்டே கார்டு போட்டுக் குடுத்தா அது மருந்து. அப்படி ஒண்ணு கொண்டாந்தா சாப்புடுறேன்."

அவர் குடித்த காலத்தில் மட்டும் அரசாங்க முத்திரை இல்லாத பாட்டிலா குடித்தார்? நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஏனென்றால் அடுப்படியில் இதையெல்லாம் சொன்ன மேரியக்காவின் முகத்தில் அத்தனை மாதத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம். புருசன் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். வேண்டியது ஒரு கார்டு. ரேஷன் கார்டு, ஆதார் கார்டு, காப்பீட்டுக் கார்டு என்று எத்தனை கார்டு வாங்கியிருக்கிறோம், இது ஒன்று வாங்க முடியாதா?

"அக்கா, அது அமெரிக்கா. இங்க கஞ்சா வெச்சிருந்தா உள்ள தூக்கிப் போடுவாங்க" என்றேன்.

"ஸ்டேட்டுக்கு ஸ்டேட்டு சட்டம் வேறன்னு லியோ சொன்னுச்சுல்ல டீச்சர். நம்ம ஸ்டேட்ல என்னன்னு கேட்டாத்தான தெரியும்?"

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதி வேண்டாமா என்று என் வீட்டில் போய்ப் புலம்பினேன். ஆனால் எதைக் கேட்க வேண்டுமானாலும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுப்பதுதான் நம் ஊர் வழக்கம். பட்டாவுக்கும் மனு, பஸ்ஸுக்கும் மனு, மருமகள் அடிக்கிறாள் என்றாலும் மனு. மேரியக்கா என்னிடம் சொல்லாமலே புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டார். வாசலில் மனு எழுதுகிறவர் ஒருமாதிரிப் பார்த்தாராம். பிறகு, கேட்டவர் முகத்தைப் பார்த்துவிட்டு, 'என் கணவரின் புற்றுநோய் வலிக்கு மருத்துவக் கஞ்சா அட்டை வழங்கக் கோருதல்' என்று எழுதித் தந்திருக்கிறார். ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பங்கிராஸின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். வரிசையில் முன்னால் நின்ற பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததையும் அவரேதான் என்னிடம் சொன்னார்.

சில நாள் கழித்துக் காலையில் போன் வந்தது. "டீச்சர், கார்டு விசாரணைக்கு வந்திருக்காங்க. கொஞ்சம் வாரீங்களா, எனக்குப் பேசத் தெரியாது."

போனேன். வாசலில் போலீஸ் ஜீப்.

எதிர்வீடு, பக்கத்துவீடு எல்லாம் தெருவில் நின்றது. உள்ளே மேரியக்கா வீட்டைப் பெருக்கித் துடைத்து, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, கடையில் கலர் சோடா வாங்கிவந்து போலீசுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். முதியோர் பென்ஷனுக்கு விசாரிக்க வருகிறவர்களை இப்படித்தானே உபசரிப்போம். வந்தவர் மதுவிலக்குப் பிரிவு சப்-இன்ஸ்பெக்டர் உடையப்பன். கூட ஒரு பெண் காவலர். கலரைத் தொடாமல் மேசையில் வைத்திருந்தார்கள். கஞ்சா என்று மனு போனால் அவர்களிடம்தானே போகும்!

"யாரும்மா ஒங்களுக்கு சப்ளை பண்றது? யார் சொல்லி எழுதுனீங்க?" என்று அவர் கேட்க, இந்த அம்மா ஜெராக்ஸை நீட்டுகிறார். அரிசிப் பானை, பீரோ, கொல்லையில் கீரைப் பாத்தி எல்லாவற்றையும் அந்தப் பெண் காவலர் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "சார், கஞ்சா விக்கிறவ கலெக்டருக்கு மனு எழுதியா விப்பா?" என்று நறுக்கென்று கேட்டுவிட்டேன்.

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளறையிலிருந்து அலறல் வந்தது. பங்கிராஸ் புரண்டிருக்க வேண்டும். மனிதத் தொண்டையிலிருந்து வருகிற சத்தமாக அது இல்லை. உடையப்பன் எழுந்து நின்றுவிட்டார். தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவு வரை போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"அம்மா, இந்த நாட்டுல எந்த ஸ்டேட்லயும் அப்படிக் கார்டு கெடையாது. பூவும் மொட்டும் வெச்சிருந்தாலே கேசு. எலைய மட்டும் வடக்க சில எடத்துல பாங்குன்னு விக்க விடுறாங்க, நம்ம ஸ்டேட்ல அதுவும் கூடாது. லைசென்ஸ் எடுத்து மருந்து செய்றவங்க இருக்காங்க, அது வேற. நீங்க யார்கிட்டயாவது பொட்டலம் வாங்கிராதீங்க, அப்பறம் நானே வந்து புடிக்கிற மாதிரி ஆயிரும்."

மேரியக்கா சட்டென்று அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "சார், நீங்க புடிக்கிறதையெல்லாம் குழி தோண்டிக் கொளுத்துறீங்களாமே. அதுல ஒரு கைப்பிடி குடுங்க சார். கவர்மென்டு கையால குடுத்தா அவரு சாப்புடுவாரு. நெருப்புல போறதுதான சார்?"

பெண் காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உடையப்பன் மேரியக்காவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். "அப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா. கேன்சர் வலிக்கு மார்பின் மாத்திரை இருக்கு. கஞ்சாவத் தடுக்குற அதே சட்டந்தான் அதுக்கு வழி விட்டிருக்கு. பெரியாஸ்பத்திரியில கேளுங்க."

"அதத்தான் சார் டாக்டரு அப்பவே சொன்னாரு" என்றார் மேரியக்கா. அதற்குமேல் அவருக்கு அழக்கூடத் தெம்பில்லை.

மறுநாள் நான் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பழைய சீட்டுகளைப் பார்த்து அதே டாக்டர் மாத்திரை எழுதினார். வலி வைத்தியப் பிரிவில் பெயர் பதிந்து, பங்கிராஸின் போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி ஓர் அட்டையும் தந்தார்கள். மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் அதைக் காட்ட வேண்டும். பஸ்ஸில் மேரியக்கா அந்த அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். "கார்டு வந்துருச்சுன்னே சொல்லிருங்கக்கா. எதுக்குன்னு சொல்ல வேண்டாம்" என்று சொல்லிக் கொடுத்தேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். இது பொய்கூட இல்லை, பாதி உண்மை.

வீட்டுக்குப் போனதும், "ஏங்க, கார்டு வந்துருச்சுங்க" என்று நீட்டினார். பங்கிராஸ் அதை வாங்கவில்லை, கை எழவில்லை. முகத்துக்கு நேரே பிடிக்கச் சொல்லி வாசித்தார்.

"இதுல மார்பின்னு போட்டிருக்கு."

"ஆமாங்க. அன்னிக்கு டாக்டரு சொன்ன மாத்திரைதான். அந்தக் கார்டு இங்க கெடையாதாம்." சொல்லிக் கொடுத்த பொய் அவர் வாயில் நிற்கவில்லை.

பங்கிராஸ் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏண்ணே, இப்படித் துடிச்சுக் கெடன்னு மாதா கேட்டாங்களா? அளவாச் சாப்புட்டா போதையே ஏறாதுன்னு டாக்டர் சொல்றாரு. சத்தியம் பெருசா, இந்தப் பொம்பள பெருசா?" என்று கத்தினேன்.

"மாதா மன்னிச்சுரும் டீச்சர்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "நான் அதுக்குப் பயப்படல. இவளுக்கு எடது காது கேக்காது, தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது. அடுப்படியில் நான் கத்துவதற்கு மேரியக்கா சிரித்துக்கொண்டு நிற்பதை இத்தனை வருடமாகத் திமிர் என்று நினைத்திருந்தேன்.

"நான் அறைஞ்சது. போதையில எனக்குக் கை நிக்காது. யாரு என்ன மருந்துன்னு சொன்னாலும் என் கைய எனக்குத் தெரியும்." அவர் மேரியக்காவைப் பார்த்தார். "மொதல்ல என் கையக் கட்டு. அப்பறம் மாத்திரையக் குடு."

ஈயை விரட்டத் தெம்பில்லாத கை. முருங்கைக் குச்சிபோல எலும்பும் தோலுமாகக் கிடந்தது. மேரியக்கா மறுப்பார், அழுவார் என்று நினைத்தேன். கொடியில் கிடந்த துண்டை எடுத்து வந்தார். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து வைத்துச் சுற்றினார்.

"இறுக்கு."

இறுக்கி முடிச்சுப் போட்டார். பிறகுதான் பங்கிராஸ் வாயைத் திறந்தார்.

கொஞ்ச நேரத்தில் முனகல் குறைந்தது. பிறகு நின்றது. நெற்றிச் சுருக்கம் விரிந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிப் போனார். அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. மேரியக்கா கட்டிலோரம் உட்கார்ந்து, கட்டிய கைகளைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். நான் வலது பக்கமாகப் போய்க் குனிந்து, மெதுவாகச் சொன்னேன்:

"தூங்கிட்டாருக்கா. கட்ட அவுத்துருங்க."

"வேணாம் டீச்சர்" என்றார் மேரியக்கா. "முழிச்சுப் பாக்கையில கட்டு இருந்தாத்தான் அடுத்த மாத்திரைய முழுங்குவாரு."