இத்தலார் வரை ஒரு செவிலியர்

எங்கள் தூத்துக்குடியில் துணியைக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் வெயில் அதை உலர்த்திவிடும். இங்கே, கோத்தகிரியில், பிறந்த குழந்தையின் துணியை அடுப்பனலில் காட்டிக் காயவைக்கிறார்கள். மூடுபனி வார்டுக்குள்ளும் நுழைகின்ற இவ்வூரில், கருவுற்ற பெண்ணுக்கு முதல் பரிசோதனை தொட்டுப் பேறுகாலம் கடந்தும் ஒரே செவிலியர் துணைநிற்கும் முறையைக் கொண்டுவருவது என் பணி. கல்லூரி மேடைகளில் எதிரணியை வாயடைக்கச் செய்தவள் நான். ஒரு மருத்துவமனையை இசையவைப்பதா அரிது என்று எண்ணியே மலையேறினேன்.

முதலில் பதிந்தவர்களுள் ஒருத்தி சுதா. கட்டபெட்டுக்கு அருகே தேயிலை பறிப்பவள். அவளுடைய முதல் குழந்தை பிறப்பிலேயே இறந்தது. அன்று வேறொரு மருத்துவமனையில் பணிமுறை மாறும் வேளை. போன செவிலியரும் அவளை அறியார், வந்தவரும் அறியார். இம்முறை அவளுக்கென்று அமர்ந்த செவிலியர் மெர்சியின் முகத்தைக் கண்டால்தான் அவளுக்கு மூச்சு சீராகும். ஏழாம் மாதத்தில், மகளைத் தாய்வீட்டுக்கு, இத்தலாருக்கு, அழைத்துப்போக அவளுடைய அம்மா வந்து நின்றார். இத்தலார் எங்கள் எல்லைக்கு வெளியே.

அந்த எல்லையை வகுத்தவள் நான். இம்முறையின் அயல்நாட்டு முன்மாதிரியில் பெண்கள் பேற்றுக்காக ஊர் மாறுவதில்லை; நானும் கணவன் வீட்டு முகவரிகளைக் கொண்டே செவிலியர்களைப் பிரித்திருந்தேன்.

“அறிந்த முகம், அறிந்த கை, அறிந்த குரல். இவை மூன்றையும் இழக்கவா உங்கள் மகளை அழைக்கிறீர்கள்?” என்று சுதாவின் அம்மாவிடம் முழங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நல்லாப் பேசறீங்க கண்ணு. மைக்கு ஒண்ணுதான் இல்லீங்க. மொதக் கொழந்த தங்காததால இதுவும் தலைப்பிரசவந்தானுங்க. எங்கூட்டுலதான் வெச்சுப் பாப்பேன். நீங்களும் முழுகாம இருக்கறீங்களாமா. உங்கம்மா ஊட்டுக்குப் போகாமயா இருப்பீங்க?”

தூத்துக்குடிக்குப் போக என் பேறுகால விடுப்பு ஏற்கெனவே முடிவாகியிருந்தது. சுதா மெர்சியின் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “அக்கா, நீங்க அங்க வரமாட்டீங்களா?”

தலைமை மருத்துவரிடம் சென்றேன். “இத்தலாருக்கு ஜீப்பு அனுப்புனா நாளைக்கு அந்தக் கோடியில இருக்கற தெப்பக்காட்டுக்கும் கேப்பாங்கம்மா,” என்றார்.

“கேக்கட்டும் சார். அவ போற எடத்துக்கு நர்ஸ் போகலைன்னா, நாம எதுக்கு ஒரே நர்ஸுன்னு சொன்னோம்?”

மேடையில் இவ்வளவு சிறிய வாதத்தை நான் வைத்ததில்லை. “இந்த ஒரு புள்ளைக்கு மட்டும்,” என்று மருத்துவர் இசைந்தார்.

மெர்சி இத்தலாருக்குப் போய்வந்தாள். வலி கண்டபோது ஊட்டி மருத்துவமனையிலும் சுதாவின் அருகில் நின்றாள். பெண் குழந்தை, வீறிட்டு அழுதது. வெளியே வந்த மெர்சியின் கைகளைச் சுதாவின் அம்மா பற்றிக்கொண்டார். “ஒரு வாய் காப்பியாச்சும் குடிங்க கண்ணு,” என்றார்.

எனக்கும் இப்போது மெர்சிதான் செவிலியர். இன்று என் வயிற்றில் கைவைத்துக் குழந்தையின் தலை எங்கிருக்கிறது என்று பார்த்தாள்.

“இத்தலாருக்கு ஜீப்புல போயிட்டு வந்துட்டேன் மேடம். தூத்துக்குடிக்கு எப்பிடிங்க வர்றது?”

சிரித்தபடிதான் கேட்டாள், கையை எடுக்கவில்லை. மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. என்றைக்குப் புறப்படுகிறாய் என்று கேட்க, தூத்துக்குடியிலிருந்து என் அம்மா அழைத்தாள். மெர்சியின் உள்ளங்கைக்கு அடியில் குழந்தை அசைந்தது. நான் படுத்தபடியே கைபேசிக்காகக் கையை நீட்டினேன், எட்டவில்லை. எழுந்தால் மெர்சியின் கை விலகும்; எழுந்திருக்கவும் இல்லை.